அறுபத்தொன்றாம் பக்கத்துத் தண்ணீர்

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

வரவில்லை. பதினோராவது முறையும் வரவில்லை.

போனில் நான் குறுக்கே குறுக்கே பேசுகிறேன் என்று போன வாரம் பாதியில் வைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம். இதில் நான் குறுக்கே பேச முடியாது, நீங்களும் வைக்க முடியாது.

உங்கள் நோட்டுப் புத்தகத்தின் அறுபத்தொன்றாம் பக்கத்தை வரிக்கு வரி பின்பற்றுகிறேன். அதே எடை, அதே சூடு, அதே எட்டு மணி நேரம். நைட்ரஜனை நாற்பது நிமிடம் விட்டுக் காற்றை முழுக்க வெளியேற்றுகிறேன். மாலை ஐந்து மணிக்குக் குடுவையைத் திறந்தால் காலையில் ஊற்றிய தண்ணீர் அப்படியே தெளிவாக நிற்கிறது. என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருக்கிறது.

விடுதியில் என் அறைத்தோழி ஒரு தையல்காரி. அப்படி என்னதான் செய்கிறாய் என்று கேட்டாள். சொன்னேன்: பொடிப்பொடி மூலக்கூறுகளைக் கைகோக்க வைத்துச் சங்கிலியாக்குகிறோம். அவிழ்த்துவிட்டால் கண்மண் தெரியாமல் வளர்ந்து கட்டியாகிவிடும். அதனால் ஒவ்வொரு சங்கிலியையும் கொஞ்ச நேரம் தூங்கவைத்து, கொஞ்சம் எழுப்பி, மறுபடி தூங்கவைத்து, எல்லாம் ஒரே நீளமாக வளரும்படி பார்த்துக்கொள்கிறோம். நீளம் சரியாக வந்தால் தண்ணீருக்குள் தாமாகவே சுருண்டு உருண்டையாகிவிடும். தலைமுடிப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு உருண்டை. அதன் வயிற்றில் மருந்தை வைத்துக் கண்ணில் சொட்டு விடலாம். அவள் உடனே கேட்டாள், “தூங்க வைக்கிறது யாரு?” ஊரெல்லாம் செம்பை வைத்துத்தான் தூங்கவைக்கிறார்கள், செம்பு கண்ணுக்கு ஆகாது, எங்கள் அண்ணி மட்டும்தான் வைட்டமின் சி பொடியை வைத்தே தூங்கவைத்தவர் என்று பெருமையாகச் சொன்னேன்.

தராசு (நம் பேராசிரியருக்கு நீங்கள் வைத்த பெயர் இன்னும் அப்படியேதான் இருக்கிறது) ஏப்ரல் கடைசி வரை கெடு கொடுத்திருக்கிறார். கண் மருத்துவமனைக்கு ஒரு புட்டி தயாரித்துக் கொடுக்காவிட்டால் நான் ஆய்வைவிட்டு வெளியேற வேண்டியதுதான். நோட்டில் எழுதாமல் கைப்பழக்கத்தில் ஏதாவது செய்திருப்பீர்களா? யோசித்துச் சொல்லுங்கள். அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்
வாயாடி

மார்ச் 11

அன்புள்ள வாயாடிக்கு,

நான் நோட்டில் எழுதாமல் எதையும் செய்ததில்லை. தும்மினால்கூட நேரம் போட்டு எழுதுகிறவள் நான்.

அறுபது பக்கம் தோல்வி. அந்த அறுபதையும் படித்தாயா, நேராக அறுபத்தொன்றுக்குத் தாவிவிட்டாயா? உன் அவசரம் எனக்குத் தெரியும். குழாயை முழுக்க மூடாமல் அடுத்த வேலைக்கு ஓடுகிறவள் நீ. நைட்ரஜனை நாற்பது நிமிடம் விட்டேன் என்கிறாய். அந்த நாற்பது நிமிடமும் பக்கத்தில் நின்றாயா? கொஞ்சம் காற்று புகுந்தாலும் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

பழைய கட்டடத்தில், ஒழுகுகிற கூரைக்குக் கீழே நான் இருபத்து மூன்று முறை தொடர்ந்து எடுத்திருக்கிறேன். தண்ணீர்விட்ட பால் மாதிரி இருக்கும், விளக்குக்கு நேரே பிடித்தால் மெல்லிய நீலம் தெரியும். முதல் முறை அதைப் பார்த்த திங்கட்கிழமை குடுவையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினேன். எதிரே வந்தவர் உன் அண்ணன், அப்போது அங்கே கருவி மெக்கானிக். “வந்துடுச்சு!” என்று அவர் முகத்துக்கு நேரே கத்தினேன். அதற்கு முன்பு அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்வேன். நான் குடுவையோடு ஓடுகிற இடம் வந்தாலே உன் அண்ணன் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விடுவார். கேட்டுக் கேட்டு மனிதருக்கு அலுத்துவிட்டது.

இங்கே என்னை ஆய்வகத் தலைவியாக்குவது பற்றி மே மாதம் கூட்டம் இருக்கிறது. அவர்கள் என்னை வேலைக்கு எடுத்ததே அந்த ஒரு கட்டுரையைப் பார்த்துத்தான். “எனக்கு வரவில்லை” என்று நீ அங்கே ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியாதே. கையைச் சரிசெய்.

அண்ணி

மார்ச் 19

அண்ணிக்கு,

நாற்பது நிமிடமும் பக்கத்திலேயே நின்றேன். நேற்று ஐம்பது. பதினான்காவது முறை. வரவில்லை.

அறுபது பக்கத்தையும் படித்தேன். இரண்டு முறை. அறுபதுக்கும் அறுபத்தொன்றுக்கும் நடுவே நீங்கள் எதையும் மாற்றவே இல்லை. சனிக்கிழமை வராதது திங்கட்கிழமை வந்திருக்கிறது. ஏன் வந்தது என்று எங்கேயும் ஒரு வரி இல்லை. “இன்று வந்தது” என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள்.

தராசிடம் இதைக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாதோ என்னவோ. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார். “உங்க அண்ணி பொய் எழுதுற ஆள் இல்ல. ஆனா அது வந்தத நான் கண்ணால பாக்கல” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் எடை போட்டுப் பேசுகிறவர் என்பதால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நீங்கள் பொய் எழுதினீர்கள் என்று நான் சொல்லவில்லை. என் கையில் குற்றம் என்று நீங்களும் சொல்லாதீர்கள்.

வாயாடி

மார்ச் 26

தராசிடம் போய் நீட்டிவிட்டாய். சரி.

நம் வீட்டுப் பெண் என்று நம்பித்தான் என் நோட்டை உன் கையில் கொடுத்தேன். வேறு ஒருத்தி இதைச் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. உன் அண்ணனிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் கை கழுவிவிட்டார். அவருக்கே தாங்கவில்லை என்றால் பார்த்துக்கொள்.

நோட்டைத் திருப்பி அனுப்பிவிடு. இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்.

ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணி,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியாது. வந்துவிட்டது!

போன வெள்ளிக்கிழமை புதுக் கட்டடத்தில் தண்ணீர் சுத்திகரிக்கிற இயந்திரம் மக்கர் செய்தது. வடிகட்டி மாற்ற ஆள் வர ஒரு வாரம் ஆகும் என்று கைவிரித்துவிட்டார்கள். எனக்கோ நாள் போய்க்கொண்டே இருக்கிறது. காவலாளியைக் கெஞ்சிச் சாவி வாங்கிக்கொண்டு பழைய கட்டடத்துக்குப் போனேன். இன்னும் இரண்டு மாதத்தில் இடிக்கப் போகிறார்களாம். உங்கள் அறையில் புறா. ஆனால் மூலையில் தண்ணீரைக் காய்ச்சி வடிக்கிற அந்தப் பழைய கலன் இருந்தது. சுவிட்சைப் போட்டேன், நல்ல பிள்ளையாக வேலை செய்தது. இரண்டு கேன் பிடித்துவந்தேன்.

அன்று மாலை குடுவையைத் திறந்தேன். தண்ணீர்விட்ட பால். விளக்குக்கு நேரே பிடித்தேன். நீலம் அண்ணி, நீலம்! அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தராசு வந்து குனிந்து பார்த்து, “என்னம்மா, மயக்கமா?” என்று கேட்டார். குடுவையை நீட்டினேன். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மூன்று முறை செய்துவிட்டேன், மூன்றும் வந்துவிட்டது. என் கையில்தான் ஏதோ கோளாறு இருந்திருக்க வேண்டும். நீங்கள் சொன்னதுதான் சரி. என் தலையில் நான்கு குட்டுக் குட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

நேற்று ஒரு புட்டியைக் கண் மருத்துவமனைக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னென்ன சோதனை செய்தாய் என்று மருந்தாளுநர் பட்டியல் கேட்டார். செம்பே சேர்ப்பதில்லை என்று உங்கள் கட்டுரையின் தலைப்பே சொல்வதால் செம்புச் சோதனையை மட்டும் அடித்துவிட்டார். முறைப்படி முதலில் முயல்களுக்குத்தான் போட வேண்டும். அங்கே இருக்கிற டாக்டரம்மா ஒரு பிடிவாதக்காரி. முயல் வாய் திறந்து சொல்லாது, முதல் சொட்டு என் இடது கண்ணில்தான் என்கிறார்.

உங்களிடம் தோற்றுப்போனதில் இவ்வளவு சந்தோஷம் எனக்கு இதுவரை இருந்ததில்லை.

உங்கள்
வாயாடி

ஏப்ரல் 12

அண்ணி,

இதைத் தனியாக உட்கார்ந்து படியுங்கள். அண்ணன் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

நேற்று முன்தினம் இன்னும் தண்ணீர் பிடிக்கப் போனேன். கலனிலிருந்து சொட்டு மெதுவாக விழுந்தது. எங்கேயோ அடைப்பு என்று நினைத்து, ஆவியைக் குளிரவைக்கிற பகுதியின் தகர மூடியைக் கழற்றினேன். உள்ளே கண்ணாடிக் குழாய் இருக்கும் என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள், நோட்டின் முதல் பக்கத்திலேயே “கண்ணாடிக் கலனில் வடித்த நீர்” என்று எழுதியிருக்கிறீர்களே.

கண்ணாடி இல்லை. செம்புச் சுருள். ஒன்பது சுற்று, அளவெடுத்த மாதிரி. மூட்டுகளில் பச்சை பூத்திருந்தது. மூட்டுக்கு மூட்டு வெள்ளை நாடா, அண்ணன் வழக்கப்படி மூன்று மூன்று சுற்று. அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. வீட்டில் குழாயை மாற்றினாலும் சைக்கிள் பெடலை மாற்றினாலும் அண்ணன் ஊசியால் தேதி கீறிவைப்பார் இல்லையா? சுருளின் அடியில் விரலால் தடவித் தேடினேன். இருந்தது. உங்கள் அறுபத்தொன்றாம் பக்கத்துக்கு முந்தைய நாள். ஞாயிற்றுக்கிழமை.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ தெரியாது, புறா ஒன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்தது. தண்ணீரைச் சோதித்தேன். லிட்டருக்கு அரை மில்லிகிராம் செம்பு. சூடான ஆவி அந்தச் சுருளைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டே வந்திருக்கிறது. புட்டியில் மீதி இருந்த உருண்டைகளைச் சோதித்தேன். தண்ணீரில் பரவிக் கிடந்த செம்பை உருண்டைகள் பிடித்துச் சேர்த்துவைத்திருக்கின்றன. பல மடங்கு. சங்கிலிகளைத் தூங்கவைத்தது வைட்டமின் சி இல்லை அண்ணி. அது எடுபிடி வேலை செய்திருக்கிறது. தூங்கவைத்தது செம்பு.

அப்போதுதான் டாக்டரம்மாவின் கண் நினைவுக்கு வந்தது. போனை எடுத்தேன். மருந்தாளுநர் சொன்னார், “அது காலையிலயே போட்டாச்சே.” எனக்கு உயிரே போய்விட்டது. கண் சிவந்து நீர் கொட்டுகிறதாம், கழுவிக்கொண்டிருக்கிறார்களாம்.

என்ன தப்பு நடந்தது என்று தராசு கேட்டார். குடுவையைச் சரியாகக் கழுவவில்லை, வேறு ஒரு சோதனையின் செம்பு ஒட்டியிருந்துவிட்டது, என் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டேன். வாயில் முதலில் வந்தது அதுதான். அவர் நம்பிவிட்டார். என்னைப் பற்றி எல்லாருக்கும் அப்படித்தானே நினைப்பு.

மூடியைத் திருப்பி மாட்டிவிட்டேன். வேறு யாருக்கும் தெரியாது. சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் கையில் இருக்கிறது. நோட்டையும் இத்துடன் அனுப்புகிறேன்.

வாயாடி

ஏப்ரல் 19

வாயாடி,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நான்காவது முறையும் அதேதான் எழுதியிருந்தது.

முதலில் நம்பவில்லை. நீ என்னைப் பழிவாங்க எழுதியிருக்கிறாய் என்றுகூட நினைத்தேன். அதற்கு மன்னித்துவிடு. பிறகு உன் அண்ணனிடம் போனேன். கூடத்தில் மின்விசிறியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். “பழைய கலன்ல செம்புச் சுருள் இருக்காம்” என்றேன். திருப்புளி அவர் கையிலேயே இருந்தது. தலை நிமிரவில்லை.

“தெரியும்” என்றார்.

எதிர்பார்த்துத்தான் போனேன். இருந்தும் அந்த ஒரு சொல்லில் இடி விழுந்தது போல ஆகிவிட்டது எனக்கு. எப்போதிலிருந்து என்று கேட்டேன். “மாத்தினது நான்தானே. அது தப்பாப் போச்சுன்னு தெரிஞ்சது உன் கட்டுரைத் தலைப்பப் படிச்ச அன்னைக்கு.”

அந்தச் சனிக்கிழமை கண்ணாடிக் குழாய் விரிசல்விட்டதாம். புதிது வர மூன்று மாதம் ஆகும் என்று கிடங்கில் சொன்னார்களாம். அன்று நான் அறுபதாவது தோல்வியோடு நடைபாதையில் நின்று அழுதுகொண்டிருந்தேன், அதை அவர் பார்த்திருக்கிறார். தண்ணீரும் இல்லையென்றால் இந்தப் பெண் என்ன செய்வாள் என்று தோன்றியதாம். ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டியிலிருந்து செம்புக் குழாயை எடுத்து ஞாயிறு முழுக்க உட்கார்ந்து வளைத்து மாட்டியிருக்கிறார். திங்கட்கிழமை சொல்லலாம் என்று படியேறியவரைத்தான் நான் குடுவையோடு வழிமறித்தேன். அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை “வந்துடுச்சு”. அவர் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டார்.

அப்போது குழாய்க்கும் என் சோதனைக்கும் சம்பந்தம் உண்டு என்று அவருக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்துக் கட்டுரை வந்தது. தலைப்பில் “செம்பில்லாமல்” என்று இருந்ததைப் படித்ததும் புரிந்துவிட்டது. அப்போது எங்கள் திருமணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. “சொன்னா நீ போயிடுவன்னு பயந்தேன். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் சொல்றது இன்னும் கஷ்டமாப் போச்சு” என்றார்.

ஆறு வருடம். வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொன்னேனே, ஒவ்வொரு தடவையும் எழுந்து போனாரே. கதை அலுத்துப் போய்த்தான் போகிறார் என்று நினைத்து நானும் சிரித்துக்கொண்டே இருந்தேன். நீ தராசிடம் சொன்னாய் என்றதும் சாப்பாட்டில் கை கழுவினாரே, உன் மேல் கோபம் என்று உனக்கு எழுதினேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

எனக்கு யோசிக்க ஒரு வாரம் கொடு. யாரிடமும் பேசாதே. கண் எப்படி இருக்கிறது என்று மட்டும் உடனே எழுது.

அண்ணி

ஏப்ரல் 28

அண்ணிக்கு,

டாக்டரம்மாவின் கண்ணில் சிவப்பு குறைந்துவிட்டது. பார்வைக்குச் சேதமில்லையாம். நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். கட்டோடு உட்கார்ந்துகொண்டு, “முயலா இருந்தா உங்கள எல்லாம் கடிச்சிருக்கும்” என்றார். வெளியே வந்து அழுதேன்.

சந்தேகம் தீர வேண்டும் என்று ஒரு சோதனை செய்தேன். புது இயந்திரத்தின் சுத்தமான தண்ணீரில் அதே அரை மில்லிகிராம் செம்பை நானே அளந்து போட்டேன். நீலம் வந்தது. போடாமல் செய்தேன். தெளிவாகவே நின்றது. இனிமேல் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

ஒரு வாரம் கேட்டீர்கள். உங்கள் கடிதம் என் கைக்கு வந்து ஐந்து நாள் ஆகிறது. நேற்று தராசு என்னைக் கூப்பிட்டு, மே இருபதுக்குள் மேசையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். கவனக்குறைவால் ஒரு மனுஷியின் கண்ணைக் கெடுக்கப் பார்த்தவள் என்று கோப்பில் எழுதுவார்களாம். இனி எந்த ஆய்வகமும் என்னை உள்ளே விடாது.

அன்று பழியை நான் ஏற்றது உங்களை நினைத்து. அண்ணனையும் நினைத்து. உங்களுக்கு அங்கே பதவி வர இருக்கிறது, எனக்கு இழக்க ஒரு மேசைதானே என்று கணக்குப் போட்டேன். ஆனால் காலி செய் என்று அவர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது அண்ணி. உங்கள் மேல்தான் வந்தது. என் கை சரியாகத்தான் இருந்தது. பதினான்கு முறையும் சரியாகத்தான் இருந்தது. அதை ஒருவராவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

நான் வாய் திறக்க மாட்டேன். கொடுத்த வாக்கு கொடுத்ததுதான்.

வாயாடி

மே 13

அன்புள்ள என் வாயாடிக்கு,

மேசையைக் காலி செய்யாதே. தராசிடம் இன்று காலை பேசிவிட்டேன், கோப்பில் எழுதியதை அடித்துவிடுவதாகச் சொன்னார். “அந்தப் பொண்ணு எதுக்கு அப்படிச் சொன்னா?” என்று கேட்டார். எங்கள் வீட்டுப் பெண் என்பதால் என்றேன்.

ஒரு வாரம் என்று கேட்டுவிட்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். இரண்டு வாரம் நான் யோசித்தது எப்படிச் சொல்வது என்று இல்லை, எப்படிச் சொல்லாமல் தப்பிப்பது என்றுதான். இதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. “என் கை சரியாகத்தான் இருந்தது” என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை. மார்ச் மாதத்தில் உன் கையைக் குற்றம் சொன்னவள் நான்தான்.

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். வடிகலனில் செம்புச் சுருள் இருந்ததைக் கண்டுபிடித்தது நீ என்று உன் பெயர் போட்டு எழுதினேன். மாற்றியது யார் என்பதை மட்டும் எழுதவில்லை. அது என் வாயிலிருந்து வர வேண்டியது இல்லை என்று நினைத்தேன்.

உன் அண்ணனோடு பதினெட்டு நாள் நான் பேசவில்லை. ஒரே வீட்டில் சீட்டு எழுதி வைத்துக் குடித்தனம் நடந்தது. மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை. பொய்யைக்கூடத் தாங்கிக்கொள்வேன். ஆறு வருடம் நான் சிரித்துச் சிரித்துச் சொன்னதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாரே, அதுதான் தாங்கவில்லை.

நேற்று கூட்டம். நீண்ட மேசை, ஐந்து பேர், நடுவில் ஒரு தண்ணீர்க் கூஜா. பதவி வேண்டாம், அதற்கு முன்பு ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று நேற்று முன்தினமே எழுதிக் கொடுத்திருந்தேன். காலையில் நான் செருப்பு மாட்டும்போது உன் அண்ணன் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார். வா என்று நான் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பேருந்தில் வேறு வேறு இருக்கையில் உட்கார்ந்து போனோம். கூட்ட அறையில் எனக்குப் பின்னால் சுவரோரம் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமைக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். எத்தனை முறை சொன்ன கதை, நேற்றுதான் முதல் முறையாகச் சிரிக்காமல் சொன்னேன். அறுபது பக்கம், நடைபாதை, குடுவை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். வழக்கமாக அவர் எழுந்து போகிற இடம் வந்தது. பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. போகிறார் என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்க்காமல் மேலே சொல்லப் போனேன்.

“சுருள மாத்தினது நான்” என்றார் உன் அண்ணன். எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

ஐந்து பேரும் அவரைப் பார்த்தார்கள். ஒருவர் கூஜாவிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி அவர் பக்கம் தள்ளினார். அவர் அதைத் தொடவில்லை. முழுவதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

அண்ணி